லிஃப்ட் அக்காவுக்கு விற்காத புத்தகம்

லிஃப்ட் அக்காவுக்கு முதல் இரண்டு வருடம் என்னைக் கண்டாலே ஆகாது. நான் டெலிபோன் போர்டில் உட்காருகிறவள். தரைத்தளத்தில், லிஃப்டுக்கு நேர் எதிரே என் மேசை. கதவு திறக்கும்போதெல்லாம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே தீர வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றைம்பது தடவை ஒரே மூஞ்சியைப் பார்த்தால் யாருக்குத்தான் பிடிக்கும்? அவள் எனக்கு வைத்த பெயர் வாயாடி. நான் அவளுக்குப் பெயர் வைக்கவில்லை. கட்டடம் முழுக்க அவளை லிஃப்ட் அக்கா என்றுதான் கூப்பிட்டது, நானும் கூப்பிட்டேன்.

பதினொரு மாடி. ஆறாவதில் காப்பீட்டு அலுவலகம், நான்காவதில் பல் டாக்டர், மற்றதெல்லாம் பெயர்ப்பலகை மாறிக்கொண்டே இருக்கும் கம்பெனிகள். லிஃப்டுக்கு வயசாகிவிட்டது. நான்காவது மாடியில் நான்கு விரற்கடை கீழேயே நின்றுவிடும். கதவு பட்டென்று சாத்திக்கொள்ளும். அதனால் அக்கா இடது காலைக் கதவின் ஓரத்தில் வைத்துக்கொண்டுதான் ஆட்களை இறக்குவாள். அவளுடைய இடது செருப்பு எப்போதும் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும். உள்ளே ஒரு தகரப் பலகை: ‘எட்டுப் பேர் மட்டும்.’ அது அவளுக்கு வேதவாக்கு. ஒருமுறை கட்டட முதலாளியே ஒன்பதாவது ஆளாக ஏறிவிட்டார்.

“இறங்குங்க சார், அடுத்த ட்ரிப்ல வாங்க.”

“நான் யாருன்னு தெரியுதா?”

“தெரியுது சார். ஒம்பதாவது ஆளு.”

அவர் இறங்கினார். நான் போர்டுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன். அதைப் பார்த்து அவளும் சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒட்டிக்கொண்டது.

அவளுக்கு ஒரே மகள். புருஷன் அந்தக் குழந்தைக்கு மூன்று வயதில் கிளம்பிப் போனவன், போனவன்தான். அந்தப் பெண் பள்ளி விட்டு நேராக இங்கே வந்துவிடும். லிஃப்டுக்குள்ளேயே தரையில், அம்மாவின் காலடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும். ஏழு பேர் ஏறினால் சரி, எட்டாவது ஆள் வந்தால் மகளையே இறக்கிவிடுவாள் அக்கா. அது நோட்டைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வரும். “ஆன்ட்டி, எங்கம்மா என்னையும் எண்ணிட்டாங்க” என்று முறையிடும்.

அக்காவின் வீடு கட்டடத்துக்குப் பின்தெருவில், மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. நாள் முழுக்க லிஃப்டில் ஏறி இறங்குகிறவள், வீட்டுக்குப் படியேறித்தான் போக வேண்டும். நான் போயிருக்கிறேன். ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், கதவுக்கு நேர் எதிரே ஒரு ஜன்னல். மதியத்துக்கு மேல் வெயில் அறையைக் கடந்து கதவு வரைக்கும் வந்துவிடும். கதவுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. அதை அடைக்கச் சொல்லி எத்தனையோ முறை சொன்னேன், கேட்கவில்லை.

மகளுக்கு இருபத்துமூன்று வயதில் கல்யாணம் செய்துவைத்தாள். மாப்பிள்ளையைப் பார்த்ததும் இவள்தான், பிடிவாதமாக முடித்ததும் இவள்தான். பதினான்கு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தப் பெண் ஒரு பையோடு வந்து கதவைத் தட்டியது. அக்கா திறக்கவில்லை. அந்தப் பெண் ஒரு தோழி வீட்டில் போய்த் தங்கி, பிறகு எப்படியோ வேறு நாட்டுக்குப் போய்விட்டது. இவ்வளவுதான் வெளியே தெரிந்த கதை. கட்டடத்தில் இருந்தவர்கள் அக்காவைக் கல்நெஞ்சக்காரி என்றார்கள். நானும் சொன்னேன், ஏன் மறைக்க வேண்டும்?

சில வருடம் கழித்து ஒருநாள் கரண்ட் போய், ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே அவளும் நானும் மட்டும். முகம் தெரியாத இருட்டு. நான் என் வழக்கப்படி எதையோ பேசிக்கொண்டிருந்தேன். அவள் நடுவில் புகுந்து சொன்னாள்.

“நான் அன்னிக்குத் தூங்கலடி. வெளிய போகவும் இல்ல. கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்னேன்.”

எனக்கு வாயடைத்துப் போயிற்று. அது நடக்கிற காரியமில்லை என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

“மூணு தடவை தட்டினா. என் கை தாழ்ப்பாள் மேலதான் இருந்துச்சு.”

“அப்புறம் ஏன்க்கா திறக்கல?”

“திறந்தா உள்ள வந்துடுவாளே. வந்தா திரும்பிப் போக மாட்டா. என்னை மாதிரி ஒத்தையில நிப்பா. கொஞ்சம் பொறுத்தா எல்லாம் சரியாப் போயிடும்னு நினைச்சேன். தட்டினது கூட மெதுவாத்தான் இருந்துச்சு. ரொம்பக் கஷ்டம்னா இப்படியா தட்டுவா, சும்மா கோவிச்சுக்கிட்டு வந்திருப்பான்னு நினைச்சேன்.” அவள் ஸ்டூலில் உட்காரும் சத்தம் கேட்டது. “அவ போனப்புறமும் ரொம்ப நேரம் நின்னேன். அது அவளுக்குத் தெரியாது. அது மட்டும் தெரிஞ்சிருந்தா எனக்குப் போதும்.”

கரண்ட் வந்தது. அவள் எழுந்து, எட்டாவது மாடிக்காரர்களை ஏற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகு அதைப்பற்றிப் பேசவில்லை.

மகள் அம்மாவோடு பேசவில்லையே தவிர, வருடத்துக்கு ஒருமுறை என் போர்டுக்குக் கூப்பிடுவாள். அக்காவின் பிறந்தநாள் அன்று, காலை பத்து மணிக்குமேல். பெயர் சொல்ல மாட்டாள். ஒரே கேள்விதான்.

“ஆன்ட்டி, லிஃப்ட் ஓடுதா?”

“ஓடுதும்மா.”

“சரி ஆன்ட்டி.” வைத்துவிடுவாள்.

“அம்மாகிட்ட குடுக்கட்டுமா” என்று முதல் வருடமே கேட்டுப் பார்த்தேன். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. அப்புறம் நான் கேட்கவில்லை. போனை வைத்ததும் லிஃப்ட் கதவு திறக்கக் காத்திருந்து சொல்வேன். “கேட்டா.” “என்ன சொன்ன?” “ஓடுதுன்னேன்.” அக்கா தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்துவாள். அன்று முழுக்க ஆட்களை வெடுக்கென்று பேசாமல் ஏற்றி இறக்குவாள்.

ஒரு வருடம் அந்த அழைப்பு வரவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு தோழி கூப்பிட்டாள். அந்தப் பெண் புற்றுநோயில் இறந்துபோய்விட்டதாம், எல்லாம் முடிந்துவிட்டதாம். இந்தச் செய்தியை லிஃப்ட் கதவு திறந்தபோது நான் அக்காவிடம் சொல்ல வேண்டியிருந்தது. உள்ளே ஐந்து பேர் இருந்தார்கள். அவள் ஐந்து பேரையும் அவரவர் மாடியில் இறக்கிவிட்டு, காலி லிஃப்டோடு கீழே வந்து, ஸ்டூலில் உட்கார்ந்தாள். அன்று யாரையும் ஏற்றவில்லை.

அதற்கு அடுத்த வருடம் ஒரு இளம்பெண் வந்தாள். வெளிநாட்டில் இருக்கிறவள், காப்பீட்டு அலுவலகத்தில் ஏதோ வேலை. வேலை முடிந்தும் லிஃப்டிலேயே மேலும் கீழும் நான்கு தடவை போய்வந்தாள். அக்கா என்னிடம் ஜாடை காட்டினாள். “யாருடி இவ? என் காலையே பார்த்துக்கிட்டு நிக்கறா. கால்ல என்ன பொன்னா பதிச்சிருக்கு?”

கிளம்பும்போது அந்தப் பெண் என் மேசைக்கு வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“அவங்கதானே ‘எட்டுப் பேர் மட்டும்’ அம்மா?”

“பலகையில இருக்கு. எதுக்குக் கேட்கறீங்க?”

“புத்தகத்தைச் சொல்றேன். அவங்க பொண்ணு எழுதினது. நீங்க படிச்சிருப்பீங்களே!”

போர்டில் மூன்று விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால் ஆளைக் காணோம். அவளைப் பிடித்து உட்காரவைத்திருக்க வேண்டும். ஊர் வம்பையெல்லாம் தோண்டித் துருவிக் கேட்கிறவள், அன்றைக்குப் பார்த்துக் கடமையே கண்ணாக இருந்துவிட்டேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் செல்போனில் தேடினேன். இருந்தது. அட்டையில் அந்தத் தகரப் பலகையின் படம்! அச்சில் கிடையாது, மின்நூல் மட்டும். அக்கா பின்னால் நின்று தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். வாங்கும் இடத்தில் விரலை வைத்தேன். ஒரு வரி வந்தது: ‘இந்தப் புத்தகம் உங்கள் பகுதியில் விற்பனைக்கு இல்லை.’

“என்னடி சொல்லுது?”

“நம்ம பகுதிக்குக் கிடையாதாம்.”

“என் பொண்ணு எழுதினதுதானே?”

“ஆமாக்கா.”

“என்னைப் பத்தித்தானே?”

“ஆமா.”

“அப்ப எனக்கு இல்லாம வேற எந்தப் பகுதிக்காம்?”

பகுதியாம், விகுதியாம். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கம்பெனிக்காரன் எதிரே நின்றிருந்தால் ஒன்பதாவது ஆளாக ஏற்றி நசுக்கியிருப்பேன். ஆனால் மாதிரிப் பக்கங்கள் என்று ஒன்று இருந்தது, அது திறந்தது. கடையை அடைத்தவர்கள் ஜன்னலை அடைக்க மறந்துவிட்டார்கள். அக்கா வரிக்கு வரி விரல் வைத்துப் படிக்கிறவள். போனில் விரலை வைத்தால் பக்கம் ஓடிவிடுகிறது. அதனால் அலுவலக பிரிண்டரில் பதினொரு தாளாக எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டு நாள் எடுத்துக்கொண்டு படித்தாள். லிஃப்ட், ஸ்டூல், வீட்டுப்பாடம், நான் கூட இருந்தேன்: ‘போர்டு ஆன்ட்டி வாயைத் திறந்தால் பதினொரு மாடிக்கும் கேட்கும்.’ அக்கா அதைப் படித்துக்காட்டிச் சிரித்தாள். பிறகு கடைசித் தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை. அதைப் படித்துவிட்டு என் மேசைக்கு வந்தாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“இடது கையால தட்டினாளாம்டி. வலது கை மணிக்கட்டை அவன் முறுக்கி வீங்கிப் போயிருந்துச்சாம். அதனாலதான் மெதுவாக் கேட்டிருக்கு.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

மாதிரிப் பக்கம் முடிகிற இடம் இது: ‘மூன்று முறை தட்டினேன். அம்மா உள்ளேதான் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால்’. அதோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் வேண்டுமானால் வாங்க வேண்டும், வாங்க முடியாது.

அந்த ஒரு வார்த்தையில் அக்கா மாட்டிக்கொண்டாள். பதினொரு தாளையும் ஸ்டூலில் போட்டிருந்த மெத்தைக்கு அடியில் வைத்திருந்தாள். ஆள் இல்லாதபோது கடைசித் தாளை மட்டும் எடுத்துப் பார்ப்பாள். “என்னடி எழுதியிருப்பா? ரேடியோ சத்தம் கேட்டிருக்குமோ? இல்ல, நான் அன்னிக்கு ரேடியோ போடல. செருப்பு. என் செருப்பு வெளிய கிடந்துச்சு. அதைப் பார்த்திருப்பா. உள்ள சொகமாப் படுத்துக்கிட்டு திறக்க மாட்டேங்கறான்னு நினைச்சிருப்பா.” நாளாக நாளாக, செருப்புதான் என்று முடிவே கட்டிவிட்டாள். இத்தனை வருடமும், தான் வீட்டில் இல்லை என்று நினைத்துத்தான் மகள் போனாள் என்று ஒரு சின்ன ஆறுதல் அவளுக்கு இருந்திருக்கிறது. அதுவும் போயிற்று.

நான் விடவில்லை. அந்த இணையக் கடையில் என் கணக்கில் நாட்டை மாற்றினேன். வெளிநாட்டில் இருக்கும் என் பெரியம்மா மகளின் முகவரியைப் போட்டேன். முகவரியை ஏற்றுக்கொண்டது, பேங்க் கார்டை ஏற்கவில்லை. கார்டு வேறு நாட்டுடையதாம். மறுபடி முயன்றதில் கணக்கையே முடக்கிவிட்டார்கள். அந்தப் பதிப்பகத்துக்கு அக்கா பெயரில் ஒரு மெயில் எழுதினேன்: நான் அந்த ஆசிரியரின் தாய், என்னைப்பற்றிய புத்தகத்தை எனக்கே விற்காதது எந்த ஊர் நியாயம் என்று. பதிலே வரவில்லை. கடைசியில் என் பெரியம்மா மகளே அவளுடைய கணக்கில் வாங்கிவிட்டாள். வாங்கினாலும் அனுப்ப முடியாதாம், அவள் கருவியில்தான் திறக்குமாம்.

“அனுப்ப முடியலன்னா என்ன? நாளைக்கு உங்க மதியம் ஒரு மணிக்கு போர்டுக்குக் கூப்பிடறேன். நானே படிச்சுக் காட்டறேன்” என்றாள். அவள் பாடப்புத்தகம் தவிர வேறு புத்தகம் தொட்டவளில்லை. எனக்காக ஒப்புக்கொண்டாள்.

மறுநாள் அக்கா தலையை வழித்து வாரிக்கொண்டு வந்திருந்தாள். பன்னிரண்டரைக்கே லிஃப்டை நிறுத்திப் பலகை மாட்டிவிட்டு, என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது என் செல்போனில் மெயில் வந்த சத்தம் கேட்டது. பதிப்பகத்தின் பதில். நான் கொஞ்சமாவது யோசித்திருக்க வேண்டும். நாம் ஜெயித்துவிட்டதாகச் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்து, உரக்கப் படித்தேன்.

‘அன்புள்ள அம்மா, தாங்கள் ஆசிரியரின் தாயார் என்பதால் சொல்கிறோம். இந்தத் தடை எங்கள் முடிவு அல்ல. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது உங்கள் மகள் கேட்டுக்கொண்ட ஒரே நிபந்தனை இது. தன் தாயார் உயிரோடு இருக்கும்வரை அவர் வாழும் நாட்டில் இந்தப் புத்தகத்தை விற்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார். மன்னிக்கவும்.’

பாதியிலேயே நிறுத்தத் தெரியாத வாய் எனக்கு.

அக்கா எழுந்தாள். ஸ்டூலை எடுத்துக்கொண்டாள்.

“வேணாம்டி.”

“அக்கா, இன்னும் பத்து நிமிஷம். அவ என்ன எழுதியிருக்கான்னு கேட்டுட்டா முடிஞ்சுது.”

“அவ வேணாம்னுட்டுப் போயிருக்கா. நான் அன்னிக்குத் திறக்கல. இப்ப அவ திறக்கல. நான் தட்டிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?” லிஃப்ட் வரைக்கும் போய்த் திரும்பினாள். “நீயும் படிக்கக் கூடாது. நான் இருக்கற வரைக்கும் யாரும் அதுல என்ன இருக்குன்னு என்கிட்ட சொல்லக் கூடாது. என் மேல சத்தியம் பண்ணு.”

செய்தேன். சரியாக ஒரு மணிக்குப் போர்டில் விளக்கு எரிந்தது. ஏழு நாளைக்குள் அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமாம். என் பெரியம்மா மகள் ஒரு பக்கம் கூடப் புரட்டாமல் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அக்கா பதினான்கு மாதம் இருந்தாள். வேலைக்கு வந்தாள், ஆட்களை எண்ணினாள், நான்காவது மாடியில் “பார்த்து இறங்குங்க” என்றாள். மெத்தைக்கு அடியில் இருந்த தாள்களை வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டாள். இதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே அங்கிருந்த லிஃப்டில் தலைகளை எண்ணி, “ஒரு ஆளு ஜாஸ்தி” என்றாள். நான் இறங்கிப் படியில் ஓடினேன். நான் மேலே போய்ச் சேர்ந்தபோது கண்ணைத் திறந்து பார்த்து, “செருப்புதாண்டி” என்றாள். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இன்னும் ‘உங்கள் பகுதியில் இல்லை’ என்றே இருந்தது. அவள் இல்லை என்று அவர்களுக்கு யார் சொல்வது? நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள், அனுப்பினேன். நான்காம் நாள் அந்த வரி மறைந்து, அதே இடத்தில் ‘வாங்குக’ என்று வந்தது. ஒரு மனுஷி செத்ததற்கு அவ்வளவுதான் அடையாளம்.

போர்டிலேயே உட்கார்ந்து படித்தேன். நேராக அந்த இடத்துக்குப் போனேன்.

‘அம்மா உள்ளேதான் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் கதவுக்கு அடியில் அவள் பாதங்களின் நிழல் விழுந்திருந்தது. அந்தப் பாதங்களை எனக்குத் தெரியாதா? லிஃப்டில் அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்துதான் நான் எழுதப் படிக்கக் கற்றேன். தட்டுவதை நிறுத்தினேன், நிழல் நகரவில்லை. எதிரே படியில் போய் உட்கார்ந்தேன். வெயில் இறங்கி நிழல் தானாக மறையும்வரை அம்மா அங்கேயே நின்றாள். அவளால் திறக்க முடியவில்லை. ஆனால் என்னை விட்டுப் போகவும் முடியவில்லை. பிற்பாடு எந்த ஊரில் எந்த அறையில் இருந்தாலும், கதவுக்கு அடியில் பார்த்துவிட்டுத்தான் தூங்குவேன்.’

கடைசிப் பக்கத்தில் இது: ‘இந்தப் புத்தகம் அம்மா இருக்கும்வரை அங்கே போக வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். அவள் வீட்டில் இல்லை என்று நினைத்து நான் போய்விட்டதாக அவள் நம்பிக்கொண்டிருப்பாள். நின்றதை நான் பார்த்தேன் என்று தெரிந்தால் தாங்க மாட்டாள்.’

தாங்கியிருப்பாள். அது ஒன்று தெரிந்தால் போதும் என்று இருட்டில் என்னிடம் சொன்னவள் அவள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு இப்படிச் செய்துவிட்டார்கள். கடைக்காரர்களோ நோகிற பாதியை மட்டும் மாதிரிப் பக்கம் என்ற ஜன்னல் வழியாக நீட்டிவிட்டு, ஆற்றுகிற பாதியைக் கடைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். நான் யாரைத் திட்டுவது? வாழ்க்கை முழுக்கக் கேட்டதையெல்லாம் கொட்டிவிடுகிற என் வாய், அந்த ஒரு சத்தியத்தை மட்டும் ஒழுங்காகக் காப்பாற்றியது.

சத்தியம் செய்த அன்றைக்கு ஒரு மணிக்கு என் பெரியம்மா மகள் கூப்பிட்டாள். “புத்தகத்தைத் திறந்து வெச்சிருக்கேன், படிக்கட்டுமா?” என்றாள். “வேணாம், வெச்சிடு” என்று சொன்னது நான்தான்.